பியானோ வகுப்பு: பெற்றோரும் மாணவரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சென்னையில் என் வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். பிள்ளையைச் சேர்க்க வருபவர்களும், சேர்த்து ஓராண்டு ஆனவர்களும், தாமே கற்க வரும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அடுத்த மாணவர் காத்திருக்கும்போது வாசலில் நின்றபடி நான் சொல்லும் விடை பெரும்பாலும் அரைகுறையாகவே நின்றுவிடுகிறது. ஆகவே, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, விடைகளைச் சற்று விரிவாகத் தொகுத்திருக்கிறேன். விடைகள் பலவானாலும் அவற்றின் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: முதலில் காது கற்க வேண்டும், விரல் அதன் சொற்படி நடக்க வேண்டும்.

பாப்பாவுக்கு இப்போதுதான் ஐந்து வயது, விரலெல்லாம் பிஞ்சாக இருக்கிறது. இப்போதே சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ஐந்து வயதில் நடக்கும் வகுப்பு பாட்டும் கைத்தட்டலும் நடையுமாக இருக்கும். அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் கட்டைகளைத் தொட்டாலே போதும். நிலையாக உட்கார்ந்து கற்க ஆறரை, ஏழு வயது பொருத்தமானது. ஒன்பது வயதில் தொடங்கும் பிள்ளை எதையும் இழந்துவிடுவதில்லை. எண்ணவும் வாசிக்கவும் ஏற்கெனவே தெரிந்திருப்பதால், சின்ன வயதில் தொடங்கியவர்கள் ஓராண்டில் கடந்ததை அது சில மாதங்களில் கடந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

விரல் பிஞ்சாக இருப்பது தடையல்ல. கால் தொங்குவதுதான் தடை. பாதம் எதிலும் ஊன்றாத பிள்ளை தன்னையறியாமல் தோளைத் தூக்கிக்கொள்ளும், அந்த இறுக்கம் முழங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்துவிடும். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி இருக்கையை உயர்த்தி, காலடியில் வீட்டிலுள்ள மணை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

பியானோ வாங்க வசதியில்லை. கீபோர்டு போதாதா?

முதல் ஆறு மாதத்துக்குப் போதும், அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வகையாக இருந்தால். அதன் பிறகு, 88 கட்டைகளும் எடையுடன் அமைந்த டிஜிட்டல் பியானோ ஒன்று தேவைப்படும். காரணம் பியானோவின் பிறப்பிலேயே இருக்கிறது. 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தொலொமியோ கிறிஸ்டோஃபோரி இதைச் செய்வதற்கு முன்பு பெரிதும் வழங்கிவந்த ஹார்ப்சிகார்டு என்ற கட்டை வாத்தியம் தந்தியைச் சுண்டி ஒலித்தது. விரல் மெதுவாக இறங்கினாலும் வேகமாக இறங்கினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கிறிஸ்டோஃபோரி தந்தியைச் சுத்தியலால் அடிக்கச் செய்தார். கட்டை அமிழும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். அதற்குள் விரல் எத்தனை வேகத்தில் இறங்குகிறது என்பதே மென்மையையும் வன்மையையும் முடிவு செய்கிறது. எடையில்லாத கட்டையில் பழகிய விரலுக்கு இந்த நுட்பம் தெரியாமலே போய்விடும்.

மரப் பியானோவை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. கடலோர ஈரக்காற்றில் மரம் உப்புவதும், கட்டை ஒட்டிக்கொள்வதும், ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி சேர்க்க வேண்டியிருப்பதும் இங்கே தவிர்க்க முடியாதவை. சுருதி விலகிய பியானோவில் தினமும் பழகும் பிள்ளையின் காதும் அந்த விலகலுக்குப் பழகிவிடும். அதைவிட நல்ல டிஜிட்டல் பியானோ மேல்.

சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் புத்தகத்தையே திறக்கவில்லையே. என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கட்டணம் கட்டும் பெற்றோருக்கு இதைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. முதல் வகுப்பில் பிள்ளையைக் கறுப்புக் கட்டைகளைப் பார்க்கச் சொல்கிறேன். அவை இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் சேர்ந்து நிற்கின்றன. மூன்றின் கூட்டத்தில் முதல் கட்டையில் தொடங்கி, அந்த மூன்றையும் அடுத்த இரண்டையும் வரிசையாக அழுத்தினால் ஸ, ரி, க, ப, த என்று மோகன ராகம் வந்துவிடுகிறது. எந்தக் கட்டையை எந்த வரிசையில் அழுத்தினாலும் காதுக்கு இனிமை கெடுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை முதல் நாளே தானாக ஒரு மெட்டை அமைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையை நான் எந்தப் புத்தகத்துக்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன்.

கைக்கும் இது நல்லது. போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் தம் பியானோ மாணவர்களை முதலில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்து கட்டைகளில் கை வைக்கச் சொன்னார். நீளமான நடுவிரல்கள் மூன்றும் உயரமான கறுப்புக் கட்டைகளில் அமர, குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில் இறங்க, கை இயல்பாகவே வளைந்து நிற்கிறது. வெள்ளைக் கட்டை மட்டும் கொண்ட சி மேஜர் ஸ்கேல் (சுர வரிசை) எழுத்தில் எளிது, கைக்கு எளிதல்ல.

அடுத்து வரும் வாரங்களில் நான் வாசிக்கும் நான்கு சுர வரியைப் பிள்ளை திருப்பிப் பாட வேண்டும், பாடிய பிறகே கட்டையில் தேட வேண்டும். பேச்சு வந்த பிறகுதான் எழுத்து வருகிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் அரிச்சுவடியைக் கொடுத்து, அதைப் படித்து முடித்தால்தான் அம்மா என்று அழைக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஹங்கேரியில் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாயின் வழியில் அமைந்த இசைக்கல்வியும் பாடுவதையே அடித்தளமாகக் கொண்டது. நம் ஊரில் வீணையோ வயலினோ கற்பவர்களும் சரளி வரிசையை முதலில் வாயால் பாடித்தானே கற்கிறார்கள்? மூன்றாம் மாதம் புத்தகம் திறக்கும்போது, ஏற்கெனவே காதில் இருக்கும் ஒலிக்கு இதுதான் எழுத்து என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

என் பையனுக்குக் குரலே இல்லை, பாடச் சொன்னால் கூச்சப்படுகிறான். பாடினால்தான் பியானோ வருமா?

மேடையில் பாடும் குரலை நான் கேட்கவில்லை. வாயை மூடி முனகினாலும் போதும், ஒலி சுருதியில் நின்றால் சரி. சுருதியில் நிற்கவில்லை என்றால் அவன் குரல் இயல்பாக எங்கே நிற்கிறதோ அந்தக் கட்டையை நான் தேடிப் போய் வாசிக்கிறேன். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். சுருதியே பிடிபடாது என்று அழைத்துவரப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அரையாண்டுக்குள் பிடித்துவிட்டார்கள். அதுவரை அவர்களை நிதானமாகக் கேட்கச் சொன்னவர் யாருமில்லை, அவ்வளவுதான்.

பியானோவுக்குப் பாட்டு ஏன் இத்தனை அவசியம் என்றால், அதன் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. குரலைப் போல ஒரு சுரத்தைத் தாங்கி வளர்க்க அதனால் முடியாது. ஆகவே ஒரு வரியைத் தொடர்ச்சியாக ஒலிக்கச் செய்வது, தேய்ந்துகொண்டிருக்கும் சுரத்தின் அளவறிந்து அடுத்த சுரத்தை அதனோடு பொருத்தும் வேலை. எங்கே மூச்சு விடுவது, எந்தச் சுரத்தில் சாய்வது என்பதைப் பாடியவனே அறிவான். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் தம் மூத்த மகனின் பாடத்துக்காக எழுதத் தொடங்கிய சிறு உருப்படிகளை 1723இல் தொகுத்தபோது, பாடுவது போல வாசிக்கும் முறையைப் பெறுவதே அவற்றின் தலையாய நோக்கம் என்று முகப்பில் எழுதிவைத்தார்.

மகள் மூன்று வருடமாகப் பாட்டு கற்கிறாள். கர்நாடக சங்கீதமும் வெஸ்டர்னும் சேர்ந்தால் குழம்பிவிடமாட்டாளா?

முதல் சில வாரம் ஒரே ஓர் இடத்தில் குழம்புவாள், அது எந்த இடம் என்று முன்பே தெரிந்திருந்தால் கவலையில்லை. பாட்டு வகுப்பில் ஸ என்பது இடம் மாறும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் பிள்ளைக்கு ஜி ஷார்ப் ஸ ஆகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவருக்கு சி ஸ ஆகிறது. பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் பெயர் நிலையானது. கட்டையின் பெயர் வீட்டு எண், ஸரிகம உறவுமுறை என்று நான் சொல்வதுண்டு. ஒரே வீட்டில் இருப்பவரை ஒருத்தி அத்தை என்பாள், மற்றொருத்தி சித்தி என்பாள், வீட்டு எண் மாறுவதில்லை. இதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மற்ற எல்லாவற்றிலும் அவளுக்கு ஆதாயமே. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடியவளை சி கட்டையில் ஸ வைத்து வாசிக்கச் சொன்னால், ரியும் தவும் கறுப்பிலும் மற்றவை வெள்ளையிலும் விழுவதைத் தானே கண்டுபிடிப்பாள். சங்கராபரணம் தெரிந்தால் மேஜர் ஸ்கேல் தெரியும், கீரவாணி தெரிந்தால் ஹார்மானிக் மைனர் தெரியும். தாளத்திலும் அப்படியே: ஓர் அடிக்குள் மூன்று சுரம் வரும் இடத்தில் தகிட என்றும் நான்கு வரும் இடத்தில் தகதிமி என்றும் சொல்லச் சொன்னால், எண்களைச் சொல்லி எண்ணுவதைவிடச் சீராக வருகிறது, கொன்னக்கோல் (வாயால் தாளச் சொற்கட்டு சொல்லும் கலை) தெரியாத பிள்ளைகளுக்கும் நான் இப்படித்தான் கற்பிக்கிறேன். அவள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு, மூன்று குரல்களைத் தனித்தனியாகக் கேட்பது ஒற்றை மெட்டில் வளர்ந்த காதுக்கு மெதுவாகவே வரும். அதற்கு ஓராண்டு பொறுத்திருங்கள்.

அப்படியானால் பியானோவில் தோடி ராகம் வாசிக்க முடியுமா?

தோடியின் சுரத்தானங்களை வாசிக்கலாம், தோடியை வாசிக்க முடியாது. அதன் காந்தாரம் (க என்ற சுரம்) ஓரிடத்தில் நிற்காமல் அசைந்தபடியே இருப்பது, பியானோவின் கட்டைகளுக்கிடையே அசைவதற்கு இடமே இல்லை. இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. ஒரு கருவியால் எது ஆகாது என்பதையும் பிள்ளைக்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மறுபக்கம், கோட்டைப் பட்டாளத்து பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்தியம் அமைத்த நோட்டுசுவரங்கள் கமகம் (சுரத்தின் அசைவு) இல்லாமலே நடப்பவை. அவை பியானோவில் அழகாக உட்காரும். இரண்டு மரபுகளையும் கற்கும் பிள்ளைகளுக்கு அவற்றைத் தவறாமல் கொடுக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பழக வேண்டும்?

முதல் ஆண்டில் தினம் பதினைந்து நிமிடம், மூன்றாம் ஆண்டில் முப்பது முதல் நாற்பது. ஞாயிறன்று இரண்டு மணி நேரம் சேர்த்து உட்காருவதால் பயனில்லை. விரல் கற்றது இரவுத் தூக்கத்தில் படிகிறது, ஆகவே ஏழு சிறு அமர்வுகளுக்கு ஏழு இரவுகள் துணை நிற்கும். ஷோப்பானே தம் மாணவர்களை நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பழக வேண்டாம் என்று தடுத்தார்.

தப்பு வந்தால் முதலிலிருந்து வாசிக்க வேண்டாம் என்கிறீர்களாமே? எங்கள் காலத்தில் அப்படித்தானே பழகினோம்?

சென்ற மாதம் ஒரு பையன் பதினாறு பார் கொண்ட ஒரு பீஸை வாசித்தான். (தாள் மீது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் பார்.) பதினோராம் பாரில் இடக்கை நான்காம் விரல் பக்கத்துக் கட்டையில் வழுக்கியது. உடனே கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி அதே இடம், அதே வழுக்கல். ஐந்து முறை இப்படி நடந்ததும், எத்தனை முறை முதல் பத்து பாரை வாசித்தாய் என்று கேட்டேன். ஐந்து என்றான். கடைசி ஐந்து பாரை? ஒருமுறைகூட இல்லை. தவறைச் செய்வதற்கான ஓட்டத்தைத்தான் அவன் ஐந்து முறை பழகியிருந்தான்.

பத்தாம் பாரின் கடைசிச் சுரத்தையும் பதினோராம் பாரின் முதல் இரண்டு சுரத்தையும் மட்டும் இடக்கையால், மிக மெதுவாக, பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் விரலை முன்கூட்டியே எடுத்துவிடுவதால் கை சாய்கிறது என்று அவனே கண்டுபிடித்தான். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் சரியாயிற்று. நீளமான பீஸ்களைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பதும் இதே காரணத்தால்தான். வாசிக்க வாசிக்கப் பிள்ளை தெரிந்த இடத்தை நோக்கிப் போகும், அதனால் முடிவில் பதற்றம் இருக்காது.

கிரேடு தேர்வுக்கு அனுப்புவீர்களா, மாட்டீர்களா?

அனுப்புகிறேன், பிள்ளை தயாரானபோது. (கிரேடு என்பது ஒன்று முதல் எட்டு வரை ஏறும் தேர்வுப் படி.) லண்டன் டிரினிட்டி கல்லூரி 1877 முதலும், ஏபிஆர்எஸ்எம் 1889 முதலும் இயங்கிவரும் பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்புகள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வாசித்து, அவர் எழுதித் தரும் கருத்தைப் படிப்பது நல்ல பயிற்சி. என் மனக்குறை மதிப்பெண்களின் பங்கீட்டில் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மின் பிராக்டிகல் தேர்வில் மொத்தம் 150. மூன்று பீஸுக்கு 90, ஸ்கேல்களுக்கு 21, முன்பின் காணாத தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதுக்கான ஆரல் பகுதிக்கு 18. தேர்ச்சி 100. டிரினிட்டியிலோ 5ஆம் கிரேடு வரை ஆரலைத் தேர்ந்தெடுக்காமலே தேர்வை முடித்துவிடலாம். அதாவது, காதை ஏறக்குறையத் தொடாமலே ஒரு பிள்ளை தேறிவிட முடியும், ஆண்டு முழுவதும் மூன்றே பீஸை உருப்போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடவும் முடியும். அப்படித் தேறிய பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். 4ஆம் கிரேடு முடித்த ஒருவரிடம் பிறந்தநாள் பாட்டை வாசிக்கச் சொன்னால் தாள் எங்கே என்று கேட்கிறார். அது பிள்ளையின் குற்றமல்ல.

என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தேர்வுக்கான மூன்று பீஸோடு, அதே ஆண்டில் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத பத்து எளிய பீஸாவது வாசித்திருக்க வேண்டும். எளியவற்றை நிறைய வாசிப்பவருக்குத்தான் படிக்கும் கண் திறக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண் வருடத்துக்கு ஒரு கிரேடு முடிக்கிறாள். இவன் இரண்டு வருடமாக ஒரே கிரேடில் இருக்கிறானே?

முதல் மூன்று கிரேடுகளுக்கிடையே உள்ள தூரமும் 5க்குப் பிந்தைய கிரேடுகளுக்கிடையே உள்ள தூரமும் ஒன்றல்ல. ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் கிரேடுக்குப் போக, 5ஆம் கிரேடு தியரி எனும் எழுத்துத் தேர்வையோ அதற்கு ஈடான ஒன்றையோ முடித்திருக்க வேண்டும் என்ற விதியே அங்கு ஒரு மேடு இருப்பதைக் காட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணை எனக்குத் தெரியாது. உங்கள் மகனிடம் நான் பார்ப்பது, சென்ற ஆண்டு இரண்டு மாதம் பிடித்த நீளமுள்ள பீஸை இப்போது அவன் மூன்று வாரத்தில் தானே படித்துவிடுகிறான் என்பது. வளர்ச்சியை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் அதுதான்.

இளையராஜா பாட்டு வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன். யூடியூபில் கட்டைகள் ஒளிர்வதைப் பார்த்து வாசித்தால் என்ன?

சினிமாப் பாட்டு வாசிப்பதை நான் தடுப்பதே இல்லை. இளையராஜாவே இசையாசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றவர், அந்தப் படிப்பு அவர் பாடல்களின் அடிநாதத்தில் ஒலிக்கிறது. மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் காதால் பிடித்து இடக்கையில் வாசித்து வாருங்கள் என்பது நான் கொடுக்கும் வீட்டுப்பாடங்களில் ஒன்று. கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும், ஆனால் கண்டுபிடித்தது உங்களுடையது.

ஒளிரும் கட்டைக் காணொளியில் காதுக்கு வேலையே இல்லை. எந்த இடம் ஒளிர்ந்தது என்பது நினைவிருக்கும்வரை பாட்டு இருக்கும். இடையில் ஒரு சுரம் மறந்தால் மீள வழியிருக்காது. புத்தகம் திறக்காத இரண்டு மாதத்தைப் பற்றி மேலே எழுதியது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

எனக்கு இசை சுத்தமாகத் தெரியாது. வீட்டில் நான் எப்படி உதவுவது?

பிழை திருத்த வேண்டாம். கேளுங்கள். வாசித்து முடித்ததும், எந்த இடம் உனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு கேள்வி போதும். பதில் சொல்வதற்காகப் பிள்ளை தன் ஒலியைத் தானே கேட்கத் தொடங்கும். பியானோவைத் தொலைக்காட்சி இல்லாத அறையில் வையுங்கள். பழகும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும்.

கொஞ்சம் கண்டிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளை பழகும்?

சிறுவயதில் எனக்குக் கற்பித்தவர் மர ஸ்கேலை மடியில் வைத்திருப்பார். சுண்டுவிரல் நிமிர்ந்தால் கணுவில் ஓர் அடி விழும். நான் நன்றாக வாசித்தேன், பரிசுகளும் வாங்கினேன். ஆனால் அடியை எதிர்பார்த்து இறுகிய மணிக்கட்டைத் தளர்த்த எனக்குப் பின்னாளில் பல ஆண்டுகள் பிடித்தன. அதைவிட, என் கண் எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால் நான் என்ன ஒலித்தேன் என்பதே எனக்குக் கேட்கவில்லை. அச்சத்தில் இருக்கும் பிள்ளையின் காது மூடிக்கொள்கிறது என்பதை என் உடம்பால் அறிந்தவன் என்பதால், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. பழகாமல் வந்தால் அந்த வகுப்பிலேயே என் முன்னால் பழக வைக்கிறேன். எப்படிப் பழகுவது என்று தெரியாததால்தான் பல பிள்ளைகள் வீட்டில் பழகுவதில்லை.

பன்னிரண்டு வயதாகிறது, விட்டுவிடுகிறேன் என்கிறாள். வற்புறுத்தலாமா?

முதலில் எதை விட விரும்புகிறாள் என்று கேட்டறியுங்கள். பெரும்பாலும் அது தேர்வாக இருக்கும், அல்லது அவளுக்குப் பிடிக்காத ஒரு பீஸாக இருக்கும். மூன்று மாதம் தேர்வையே பேசாமல், அவள் விரும்பும் பாட்டுகளுக்குக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) கண்டுபிடிப்பதும் தோழி பாட இவள் வாசிப்பதுமாக வகுப்பை மாற்றிப் பார்ப்பேன். அதன் பிறகும் வேண்டாம் என்றால் மனக்கசப்பு இல்லாமல் விட்டுவிடுங்கள். சண்டையில் முடிந்த பியானோவை யாரும் மறுபடி திறப்பதில்லை, அமைதியாக மூடியதை இருபது ஆண்டு கழித்துத் திறந்தவர்கள் இப்போது என் மாணவர்கள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இனி விரல் வளையுமா?

வளையும். மிக வேகமான பீஸ்கள் ஒருவேளை எட்டாமல் போகலாம், மற்றவை எட்டும். பெரியவர்களுக்கு விரலைவிடப் பொறுமையின்மையே இடையூறு. முப்பது ஆண்டுகளாக நல்ல இசையைக் கேட்ட காது இரண்டு மாதக் கையிடம் அதே தரத்தை எதிர்பார்க்கிறது. அந்தக் காதுதான் உங்கள் முதலீடும்கூட. தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, டெனர் போன்ற குரல் பகுதிகளைப் பாடியவர்கள், பாட்டு கற்றவர்கள், வெறுமனே நிறையக் கேட்டவர்கள், எவராயினும் எனக்கு முதல் ஆறு மாத வேலை குறைந்துவிடுகிறது.

இத்தனை வருடம் படித்து இவள் இசைக்கலைஞர் ஆகப் போவதில்லை. பிறகு எதற்கு?

என்னிடம் கற்றவர்களில் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் மூவர். மற்றவர்களுக்காக நான் செய்த வேலை வீண் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தமிழ்ப் பாடம் படிக்கும் பிள்ளை கவிஞராக வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. படிக்கத் தெரிய வேண்டும், ஒரு கவிதை கிடைத்தால் அதன் உள்ளே போகத் தெரிய வேண்டும் என்றே கேட்கிறோம். பியானோவிலும் நான் கேட்பது அவ்வளவே.

அப்படியானால் எத்தனை வருடம்? போதும் என்று எப்படித் தெரியும்?

ஆண்டுக் கணக்கு சொல்ல இயலாது. முன்பின் காணாத ஒரு தாளை வீட்டில் தானே படித்துக்கொண்டு வருகிறாரா, யாராவது பாடினால் சுருதி தேடிப் பக்கவாத்தியமாக வாசிக்கிறாரா என்பதைக் கவனிக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பிழை தமக்கே கேட்கிறதா என்று பார்க்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளாக வரும் ஒரு மாணவி, இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மெதுவான பீஸை வாசித்து முடித்தாள். நான் வாய் திறக்கும் முன்பே, "இடது கையின் ஒலி மேலே ஏறிவிட்டது, மெட்டு அமுங்கிவிட்டது, இன்னொரு முறை வாசிக்கிறேன்" என்று சொல்லி, நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினாள். வாரம் ஒன்றாக இருந்த வகுப்பை அந்த மாதமே மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டோம்.